எழுதித் தந்தால் நிறுத்துகிறேன்

கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள் உண்டு. ஒன்றில் நான் நைட்டி தைப்பேன். மற்றதில் பக்கத்து வீட்டு அக்கா பள்ளி யூனிஃபார்ம் தைப்பார். போன வருடம் ஒருநாள் காலை பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார்.

"லைசன்ஸ் இல்லாம தொழில் நடத்தப்பிடாது, கேட்டீங்களா?"

பயந்துவிட்டேன். மெஷின்களை மூடிவைத்துவிட்டு மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். வீட்டின் வரைபடம் கேட்டார்கள், கொடுத்தேன். அயல்வீட்டாருக்கு ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கேட்டார்கள். அதில் கையெழுத்துப் போடும்போது அக்கா சிரித்தார்.

"எனக்க மெஷின் சத்தத்துக்கு நானே ஆட்சேபம் இல்லேன்னு எழுதணுமாக்கும்!"

நான்காம் முறை போனபோது, கொடுத்த வரைபடத்தையே காணோம் என்றார்கள். அங்கேதான் என் பயம் தீர்ந்தது. வீட்டுக்கு வந்த அதே ஆள் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"சாரே, வீட்டுக்குள்ள ரெண்டு மெஷின் ஓட்ட லைசன்ஸ் வேணும்னு எந்தச் சட்டத்துல உண்டு?"

"அதெல்லாம் உண்டு."

"உண்டுன்னா ஒப்பும் சீலும் வச்சு எழுதித் தாருங்க. இன்னைக்கே நிறுத்துதேன்."

அவர் அடுத்த மேசைக்காரரைப் பார்த்தார். அடுத்த மேசைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பொறவு வாங்க."

"இனி வரமாட்டேன். தபால்ல அனுப்புங்க."

அங்கேயே ஒரு தாள் வாங்கி என் கேள்வியை எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது தரும்வரை நகரவில்லை. வீட்டுக்கு வந்து மெஷினைத் திறந்தபோது அக்காவுக்குத்தான் நடுக்கம்.

"மக்கா, சர்க்காருகிட்ட மல்லுக்கு நிக்கணுமா?"

"நான் அவங்ககிட்ட ஒண்ணும் கேக்கல்லியே அக்கா. சும்மா விட்டா போதும்."

அரசாங்கமே வேண்டாம் என்பவள் அல்ல நான். ரோடு போடட்டும், திருடனைப் பிடிக்கட்டும். என் முன்னறைக்குள் நுழைவதென்றால் மட்டும், எந்த உரிமையில் என்று எழுதிக் காட்டிவிட்டு நுழையட்டும். எழுதிக் காட்ட முடியாத அதிகாரத்துக்கு நான் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

அந்த வாரமே தமிழிலும் மலையாளத்திலும் தையல் கடை போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். பதில் இன்றுவரை வரவில்லை. யாரும் வந்து தடுக்கவுமில்லை.

போன மாதம் உதியன்குளங்கரையிலிருந்து ஒருத்தி தேடி வந்தாள். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவள். அவளிடமும் லைசன்ஸ் கேட்டிருக்கிறார்கள்.

"அந்த லெட்டர் எப்படி எழுதணும் அக்கா?"

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.