தீவுக்குப் பின்னால் காய்ந்த வேட்டி

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் பாய்ப்படகுப் போட்டியில் ஓட்டுகிறார் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. சொன்னவர் பாண்டி. எங்கள் தோப்புத் தேங்காயை மூணாறு கடைகளுக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுநர். அந்தப் பெண் அவர் மனைவி ஜெயா. "நம்பலைன்னா வந்து பாருங்கண்ணே" என்றார். நம்பாததையெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு சோதனைச் சாவடி, மறையூர் எல்லாம் கடந்து மூணாறு சேர மதியம் ஒன்றரை. அங்கிருந்து ஆனையிறங்கல் அணை இருபத்திரண்டு கிலோமீட்டர், ஜீப்பில் தலைக்கு எண்பது ரூபாய். முன்சீட்டில் நான்கு பேர் இருந்ததால் ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார். "கம்பியப் பிடிச்சுக்கங்க சார், கதவ நம்பாதீங்க" என்று எனக்கு அறிவுரை வேறு.

ஜீப் நின்ற இடத்திலிருந்து தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கால்மணி நேரம் இறக்கம். மழை விட்ட செம்மண்ணில் வழுக்கி உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி செங்கல் நிறமாகிவிட்டது. லயத்துப் பிள்ளைகள் சிரித்ததில் தப்பே இல்லை.

ஜெயா பாலில்லாத கட்டன்சாயா கொடுத்துக்கொண்டே கதை சொன்னார். அணையின் அக்கரையில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிறிய பாய்ப்படகுச் சங்கம் நடத்துகிறார். எல்லோருக்கும் அவர் கேப்டன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே படகு கழுவப் போன ஜெயா, ஆறு வருடத்தில் படகோட்டியாகிவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை, அணையின் நடுவிலிருக்கும் தீவைச் சுற்றிப் போட்டி. ஜெயிக்கிற ஒருவரைத்தான் கொச்சிக்கு அனுப்புவார்கள், கடலில் ஓட்ட. ஜெயா தொடர்ந்து மூன்று வருடம் இரண்டாவதாக வந்தவர்.

"ஏம்மா, எங்க தப்பிப் போகுது?" என்று கேட்டேன்.

"தீவுக்குப் பின்னாடிதாண்ணே. மேடு மறைச்சிரும். காத்து செத்துப்போயி பாய் தொங்கிரும். எங்கன காத்து இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கிறவுகதான் ஜெயிப்பாக."

எனக்கு இது புதுமையாக இருந்தது. எங்கள் ஊரில் காற்றைத் தேட வேண்டியதே இல்லை. ஆடி மாதத்தில் கணவாய் வழியாக வந்து, வேண்டாம் என்றாலும் பனையை உலுக்கிவிட்டுத்தான் போகும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வேட்டியைத் துவைத்து எடுத்தேன். லயத்து முற்றத்தில் மூட்டம் இறங்கியிருந்தது. படகுக்குக் கிளம்பிய ஜெயா நின்று, "இங்கன காயாதுண்ணே. கீழ தண்ணிக்கரையில வேலி இருக்குல்ல, அங்கன போடுங்க. கரண்டு வேலி இல்ல, பயப்படாதீங்க" என்றார். போட்டேன்.

பத்து மணி. அக்கரையில் யானை இல்லை என்று வனக்காவலர் சொன்ன பிறகுதான் விசில் ஊதினார்கள். நானும் பாண்டியும் லயத்துக்காரர்களும் இக்கரையிலேயே உட்கார்ந்தோம், தீவின் முதுகு இங்கிருந்துதான் தெரியும். ஆறு படகுகளில் முதலில் வந்தது அனூப், ஒரு ரிசார்ட்டின் மேலாளர். இரண்டாவது ஜெயா. சொன்னபடியே தீவின் மறைவில் இருவர் பாயும் துவண்டது. ஐந்து நிமிடம் இரண்டு படகும் குளத்து வாத்து மாதிரி நின்றன. பாண்டி பீடியைப் பற்றவைக்காமலே கடித்தார்.

அப்போது என் வேட்டி ஒருமுறை படபடத்தது. ஜெயாவின் தலை சட்டென்று திரும்பியது. படகைக் கரைப்பக்கம் ஒடித்தார். பாய் நிறைந்தது. அனூப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் முன்னாலேயே கடந்து போனார். நான் துண்டைச் சுழற்றிக் கத்தினேன்.

முதலில் வந்தது ஜெயாதான். ஆனால் நாங்கள் அக்கரைக்குப் போய்ச் சேரும்போது கோப்பை மேசைமேலேயே இருந்தது. அனூப் புகார் கொடுத்திருந்தார்.

"கேப்டன், இன்னலெ அவிடெ ஒண்ணும் இல்ல. இன்னைக்கு ஒரு முண்டு! அது சிக்னலாணு." நேற்று இல்லாத வேட்டி இன்று வேலியில் தொங்கினால் அது சைகைதான் என்பது அவர் வாதம்.

"அது யாரோட வேட்டி?" என்றார் கேப்டன்.

"என்னோடதுங்க. சேறாயிப்போச்சுங்க, தொவச்சுப் போட்டனுங்க."

"அந்த இடத்துல போடச் சொன்னது யாரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெயாவைப் பார்க்காமல், "யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போட்டனுங்க" என்றேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு வேட்டிக்காகப் பொய் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னேன்.

"இல்ல சார்" என்றார் ஜெயா. "நான்தான் சொன்னேன். காயட்டும்னுதான் சொன்னேன். ஆனா காத்து செத்ததும் முதல்ல அதைத்தான் பாத்தேன்."

எல்லார் கண்ணுக்கும் தெரிவதைப் பார்த்து ஓட்டலாம், ஓட்டுகிறவரே ஏற்பாடு செய்ததைப் பார்த்து ஓட்டக்கூடாது என்று கேப்டன் விளக்கினார். கோப்பை அனூப்புக்குப் போனது. வாங்கியவர் அதை உயர்த்திக் காட்டவில்லை. ஜெயாவுக்கு நான்காவது முறையாக இரண்டாமிடம்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜீப்புக்காக நின்றேன். வேலைக்குப் போகும் வழியில் ஜெயா வேட்டியை மடித்துக் கொண்டுவந்தார். என்னால் போட்டியே போயிற்று என்று வருத்தம் தாளவில்லை, சொல்லிவிட்டேன். "அட விடுங்கண்ணே" என்றார்.

"ஏம்மா, நெசமாலுமே காயட்டும்னுதான் சொன்னயா?"

"காஞ்சிருச்சா இல்லையா, தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஜீப் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்ததும் ஜெயா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அடுத்த வருசமும் வாங்கண்ணே. வேட்டிய எங்கன காயப்போடணும்னு நான் சொல்லவே மாட்டேன்."