பாதியில் நிறுத்திய காது மருந்து

2003 நவம்பர் 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரும் நாள். குடங்களையும் அண்டாவையும் நிரப்பினேன். குளித்து, இட்லி அவித்து, மதியத்துக்குக் கொஞ்சம் கட்டிக்கொண்டு, கம்பத்தில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. சுருளிப்பட்டியிலிருந்து தம்பி மனைவி.

“மதினி, பிள்ளைக்குக் காதுக்குப் பொறத்தால வீங்கிருக்கு. வெரசா வாங்க.”

அவளுக்குப் பின்னால் குழந்தை அலறுவது கேட்டது.

தம்பி வீடு அவனுடைய திராட்சைத் தோட்டத்தை ஒட்டியே இருந்தது. நான் போனபோது அவன் மகள், நாலு வயதுக்காரி, பாயில் கிடந்து தன் இடது காதைத் தானே குத்திக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சிவந்து புடைத்த வீக்கம் மடலை முன்னுக்குத் தள்ளியிருந்தது. தலையணையெல்லாம் சீழ். அவள் அம்மாவின் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது.

முந்தின வாரம் குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போனவள் நான். நடுக்காதில் சீழ் பிடித்திருக்கிறது, பத்து நாளைக்கு ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள் என்று சொல்லி ஆன்டிபயாடிக் சிரப் எழுதினார். அந்தப் பாட்டில் அலமாரியில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

“யாரு நிப்பாட்டினது?”

“நான்தேன்” என்றான் தம்பி. “மூணாம் நாளே காய்ச்சல் விட்டுப்போச்சுல்லக்கா. கொடியில நோய் போனப்புறமும் மருந்தடிச்சா பழத்துல விஷம் நின்னுரும். பறிக்கிறதுக்கு முன்னாடி நிப்பாட்டிரணும். பச்சப்பிள்ளைக்கு மட்டும் ஊத்திக்கிட்டே இருக்கலாமா?”

“ஏலே, உம்மவ என்ன திராட்சைக் கொடியா?”

“நான் கொடுக்கப் போனேன் மதினி” என்றாள் அவள். “பாட்டிலைப் புடுங்கிட்டு அறைஞ்சாக.”

பக்கத்தில் பித்தளைச் செம்பு இருந்தது. எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். புருவம் பிளந்தது. அவன் என் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பல்லில் ரத்தம் கரித்தது. அவன் மனைவி பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் உதறிய வேகத்தில் அடுப்படியில் போய் விழுந்தாள். நான் மறுபடி செம்பை ஓங்கினேன்.

அப்போதுதான் பாய்ப்பக்கம் சத்தமே இல்லை என்பது உறைத்தது. குழந்தை அலறலை நிறுத்தியிருந்தாள். வாந்தி எடுத்து அதிலேயே முகம் புதையக் கிடந்தாள். கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை.

“ஆத்தா! ஆத்தா!” என்று தம்பி அவளை வாரிக்கொண்டு ஓடினான்.

வாடகைக் காரில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீழ் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் இறங்கிவிட்டது, மயக்கம் கொடுத்துக் கீறி எடுக்க வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர்.

“காது கேக்குமாங்கய்யா?” என்றான் தம்பி.

“காதை அப்புறம் பாப்போம். மூளைக்குப் போயிருந்தா உசுரே நிக்காது.”

கட்டுப் போட வந்த நர்ஸ் அவன் புருவத்தையும் மணிக்கட்டில் பதிந்திருந்த பல் தடத்தையும் பார்த்தார். “நாய் கடிச்சுச்சாண்ணே?”

“இல்லம்மா. வீட்டுல.”

மாலைக்குள் கீறிச் சீழை எடுத்தார்கள். மூளைக்குப் போகவில்லை. ஆனால் கை நரம்பில் ஊசி ஏற்றி, ஒரு வேளைகூடத் தப்பாமல் மருந்து போக வேண்டும். ஊசி முடிந்த பிறகும் சிரப் தொடர வேண்டும் என்றார் டாக்டர். தம்பி அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

மறுநாள் காலை முதல் வேலை ஊசி. கையில் ஏற்றியிருந்த ஊசி அடைத்துக்கொண்டு கை வீங்கியிருந்ததால் புது நரம்பு தேடினார்கள். குழந்தை திமிறி உதைத்தாள். தம்பி அவள் கால்களைத் தன் தொடையால் அமுக்கி, தோளைக் கட்டிலோடு அழுத்திப் பிடித்தான். அவள் அவன் கன்னத்தைத் தோல் உரியப் பிறாண்டினாள். அவன் பிடி தளர்ந்தது.

“ஏலே, விட்றாத” என்றேன்.

அவன் விடவில்லை. மருந்து முழுவதும் உள்ளே போனது.