நான் நடத்தாமல் விட்ட பாடம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை. மரக்காணம் பக்கம் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கோட்டக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். உப்பளத்தைத் தாண்டும்போது, தலையில் உப்புக் கூடையோடு வந்த பெண்களில் ஒருத்தி, "வணக்கம் மிஸ்!" என்றாள். பிரேக் போட்டேன். முந்தின வருடம் என்னிடம் ப்ளஸ் டூ படித்தவள். இன்ஜினீயரிங் சீட் வாங்கி, பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸில்கூட இடம் பிடித்தவள்.

"காலேஜ் லீவா?" என்று கேட்டேன். எவ்வளவு அசட்டுக் கேள்வி!

"நின்னுட்டேன் மிஸ். மேத்ஸ்ல அரியர். மொத நாளே இன்டக்ரேஷன் போட்டாங்க. ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்கன்னு சொல்லிட்டு தாண்டிப் போயிட்டாங்க. நம்ம மெட்டீரியல்ல அது இல்லீங்களே மிஸ்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த மெட்டீரியல் என் கைவேலை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சில பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து உட்காரவைப்போம். பாஸாவதற்கு எந்தெந்தக் கணக்கு போதுமோ அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம். எல்லோரும் பாஸ் என்று காட்ட வேண்டுமே! இவள் மார்க் ஒன்றும் குறைச்சலில்லை. ஆனாலும் காலனியிலிருந்து வருகிற உப்பளத்துப் பிள்ளைகளோடு சேர்த்து இவளையும் அந்தப் பக்கம் உட்காரவைத்தேன். "எனக்கு முழு புக்கும் நடத்துங்க மிஸ்" என்று இரண்டு முறை கேட்டாள். "முதல்ல பாஸ் பண்ற வழியைப் பாரு" என்று வாயை அடைத்துவிட்டேன். நான் சாதி பார்க்காத ஆள் என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று பதினோராம் வகுப்பில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரே கணக்கைப் போர்டில் மூன்று முறை எழுதி அழித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சாயங்காலம் விசாரித்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

"சனிக்கிழமை ஸ்கூலுக்கு வா. விட்டதை நடத்தறேன். அடுத்த வருஷம் திரும்பச் சேரலாம்" என்றேன்.

உப்பு அரித்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"வர்றேன் மிஸ். தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன். உங்க கிளாஸ்ல பதினொண்ணு படிக்குது. அதுக்கும் மெட்டீரியல்தான் குடுத்திருக்கீங்க."

காலையில் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்த பெண்! இவள் தங்கை என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா திரும்பக் கல்லூரிக்குப் போய்விட்டாள். அரியர் இன்னும் ஒன்று பாக்கி. முடித்துவிடுவாள் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நான் அந்த ஜெராக்ஸ் எடுப்பதை விட்டுவிட்டேன். ஆனால் எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளுக்கு 'உனக்கு இது போதும்' என்று நானே முடிவு செய்து கொடுத்தேனோ, அந்த முகங்கள் உப்பளத்தைத் தாண்டும் ஒவ்வொரு காலையும் என்னை நிம்மதியாக வண்டி ஓட்ட விடுவதில்லை.