ஆண்டவர் என்னைச் சாப்பிடச் சொன்ன நாள்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அப்போது நாங்கள் ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இருந்தோம். முன்பக்கம் என் கணவரின் மளிகைக் கடை, பின்பக்கம் வீடு. நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போடும் பழைய பத்திரிகைகளை வாசித்துத்தான் மீதியைக் கற்றுக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது எனக்கு இன்னொரு பள்ளிக்கூடம். கால் கிலோ பருப்புக்கு வந்தவர் அரை மணி நேரம் பேசினாலும் எனக்கு அலுக்காது.

அது ஆடி மாதம். காற்று பேய்த்தனமாக அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து போன ஒரு விசைப்படகு, வர வேண்டிய நாளில் வரவில்லை. அதற்குப் பிறகு கடலுக்குப் போனவை கூடத் திரும்பிவிட்டன. தேடப் போன படகுகளும் வெறுமனே வந்தன. அந்தப் படகில் இருந்தவர்களில் இரண்டு பேர் நாங்கள் ஜெபத்துக்குப் போகும் கிறிஸ்தவ சபையார். இன்னொருவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வீட்டார் தெருமுனை அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவருடைய மனைவி சின்னப் பெண், கையில் மூன்று மாதக் குழந்தை.

எங்கள் சபையில் உடனே சங்கிலி உபவாசம் அறிவித்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாளை ஒருவர் எடுத்துக்கொள்வார். முதல் நாள் மாலை ஜெபத்தில் தொடங்கி மறுநாள் மாலை ஜெபம் வரை எதுவும் சாப்பிடாமல் ஜெபிப்பார். அவர் முடிக்கும்போது அடுத்தவர் தொடங்குவார். காரியம் கைகூடும் வரை சங்கிலி அறுபடக் கூடாது.

உபவாசம் என்றால் சபையில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. எடுத்த உபவாசத்தை நான் பாதியில் விட்டதே இல்லை. என் கணவர்கூட, "உனக்கு வயித்தைப் படைச்சது ஆண்டவருக்கு வீண் செலவு" என்று கேலி செய்வார். அதனால் என் முறை வந்தபோது தைரியமாகத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஜெபிக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. படகு வராது போனதிலிருந்து அந்தப் பெண் டீத்தண்ணியைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. தெருவில் யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள், கெஞ்சினார்கள், திட்டினார்கள். அவள் கேட்கவில்லை. தாய்ப்பால் வற்றிப்போய்விட்டது. கடையிலிருந்து பால் பவுடர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஒத்துக்கொள்ளாமல் குழந்தைக்கு வயிற்றால் போனது. முதலில் வீறிட்டு அழுத குழந்தை, அன்றைக்குப் பூனைக்குட்டி மாதிரி முனகத் தொடங்கியிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். பால் சுறா வாங்கி வேகவைத்து உதிர்த்து, பூண்டைத் தாராளமாக நறுக்கிப் போட்டுப் புட்டு செய்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அதைவிடப் பால் ஊறச் செய்வது ஒன்றுமில்லை என்று எங்கள் பக்கத்தில் நம்புவோம். வெறும் வயிற்றோடு அந்த வாசனையில் நின்றது பெரிய பாடு. சோற்றையும் புட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் கிடந்தது.

"சாப்பிடுட்டி" என்றேன். "பிள்ளை கத்துறது உனக்குக் கேக்கலையா?"

"வாணாம்க்கா. அவுரு தண்ணில இன்னாத்த துன்னுகினு கீறாரோ. நான் மட்டும் இன்னாத்துக்கு துன்னணும்?"

"நீ சாப்பிட்டாத்தானே பால் ஊறும்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ துன்னியாக்கா?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இன்னைக்கு எனக்கு உபவாசம்."

"ஆருக்கோசரம்?"

"உன் வீட்டுக்காரருக்காகத்தான். அந்தப் படகில போன எல்லாருக்காகவும்."

அத்தனை நாளில் முதல்தடவையாக அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

"அவுருக்கோசரம் நீ பட்னி கெட்ந்தா அது ஜெபம். பொண்டாட்டி நான் கெட்ந்தா மட்டும் கிறுக்கா? நல்லா கீதுக்கா உன் ஞாயம். போ, மொதல்ல நீ துன்னு. அப்பால நான் துன்றேன்."

   தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆண்டவரே, இவள் சாப்பிட வேண்டும், நீர்தான் இவள் மனதை மாற்ற வேண்டும் என்று உள்ளுக்குள் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள், 'நீ சாப்பிடு' என்று மனதுக்குள் தெளிவாக வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், என் முதல் சந்தேகம் என் வயிற்றின் மேல்தான். பசியில் அதுதான் ஆண்டவர் மாதிரி பேசுகிறதோ என்று நினைத்தேன். ஆனால் வயிறு பேசியிருந்தால் எனக்கு ஆசை அல்லவா வந்திருக்கும்? எனக்கு வந்தது நடுக்கம். சங்கிலி என்னால் அறுந்துபோகும். நாளைக்கு அந்தப் படகு வராமலே போய்விட்டால் சபையில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்காவிட்டாலும், மூன்று வீட்டுத் தாலி என்னால் போனது என்று நானே காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் பட்டினி கிடப்பதுதான் எனக்குச் சுலபம். பலியைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஒரு தட்டுச் சோறாக அது என் முன்னால் வந்து உட்காரும் என்று நினைத்ததே இல்லை.

தட்டை இழுத்து, பிசைந்து, ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுங்கு" என்றாள். முழுங்கினேன். "இன்னொரு வாயி" என்றாள். அதையும் சாப்பிட்டேன். பிறகு அவளுக்கு உருட்டி நீட்டினேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். ஆனால் தட்டு காலியாகிற வரைக்கும் சாப்பிட்டாள்.

அன்று மாலை சபைக்குப் போய், கூடியிருந்த பெண்கள் எல்லாருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி, "அப்ப இன்னிக்கி நாளு கணக்குல வராதா?" என்று கேட்டாள்.  ஜெபத்தை நடத்துகிற ஊழியக்கார அம்மா அதைக் காதில் வாங்காமல் என்னிடம், "அந்தப் பொண்ணு துன்னாளா?" என்றார்.

"சாப்பிட்டா."

"பாலு?"

"இன்னும் தெரியலம்மா."

"சரி. உன் நாள நான் மறுக்கா புடிச்சிக்கிறேன். நாளைக்கும் அவகூட குந்தி துன்னு. வுட்றாத."

நாளைக்கும் என்று அவர் சொன்னதுதான் பெரிய வேலையாகப் போனது. நான் போய் உட்கார்ந்தால்தான் அவள் சாப்பிடுவாள். மதியம் ஆனால் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். சபையார் முறை வைத்துப் பட்டினி கிடக்க, நான் தினமும் மீனும் சோறும் சாப்பிட்டேன். கடைக்கு வரும் மீன்காரம்மா ஒருவர் சும்மா விடுவாரா? "ஊரே வாயக் கட்டிகினு கீது, அண்ணாச்சி வூட்டம்மாவுக்கு மட்டும் டெய்லி கல்யாண சாப்பாடு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். சிரித்துக்கொண்டே போய்விடுவேன். மனதில் பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் குழப்பம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் நின்றுவிட்டது. பசி நேரத்தில் மட்டும் ஒரு நல்ல, பலமான அழுகை கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் சரியாகத்தான் செய்கிறேன் என்று தெரியும்.

பிறகு ஒரு நாள் காலை கடையில் இருந்த காயின் போன் அடித்தது. என் கணவர் எடுத்தார்.  போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்து, "பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடு. சீக்கிரம்" என்றார். படகில் போனவர்கள், இன்ஜின் பழுதாகி, காற்று இழுத்துக்கொண்டு போய், ஆந்திரக் கரையில் ஒரு மீனவக் கிராமத்தில் ஒதுங்கியிருந்தார்கள். எல்லாரும் உயிரோடு இருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்த அன்று சந்து முழுக்கக் கூட்டம். ஆள் பாதியாக இளைத்து, கறுத்து, உதடெல்லாம் வெடித்துப்போயிருந்தார். மனைவி கையிலிருந்து குழந்தையை வாங்கினார். வாங்கிய கை கொஞ்சம் கீழே இறங்கியது. குழந்தையை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடி, நான் போசொல்ல பஞ்சு மாரி இருந்தான். இப்ப கல்லு மாரி கனக்குறான்?"

 அவள் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைத்தான் பார்த்தாள்.

அந்தப் படகு திரும்பி வந்தது சபையார் உபவாசத்தாலா, அவள் கண்ணீராலா என்று நான் ஆராய்ந்ததில்லை. அது வராமலே போயிருந்தாலும் அந்த ஒரு வாய்ச் சோறு எனக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை, ஏனென்றால் கீழ்ப்படிகிறவளுக்குப் பட்டினி கிடக்கவும் தெரிய வேண்டும், ஆண்டவர் சொன்னால் எல்லாருக்கும் முன்னால் சாப்பிடவும் தெரிய வேண்டும்.