டோலினா கொடுக்காத எச்சில்

கோப்போடு வருகிற ஆளை டோலினா மெக்காஸ்கில் ஒருநாளும் நம்பியதில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருபவனைக்கூட வாசலில் நிறுத்தி, மேலும் கீழும் அளந்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவுப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் சூப் காய்ச்சியவள். தலைமையாசிரியர்களே அவளுக்குப் பயப்படுவார்கள். சந்தேகப் பிராணி என்று ஊர் சிரிக்கும். சிரிக்கிறவர்களுக்கு என்ன தெரியும்?

நாலு வயதில், கோட்டில் பெயர்ச்சீட்டு குத்தி, கிளாஸ்கோவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட அநாதை அவள். நார்மன் மெக்காஸ்கில் வீட்டில் வளர்க்கக் கொடுத்தார்கள். வருஷத்துக்கொருமுறை நகரத்து அதிகாரி ஒருவர் கோப்போடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். திருப்பிக் கூட்டிப்போய்விடுவாரோ என்று மாட்டுக்கொட்டகையில் ஒளிந்துகொள்வாள். பிறகு அந்த வீட்டுப் பெயரே அவள் பெயரானது. விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எழுபத்தைந்து வயதில் அவளுக்கு மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாது.

அப்படியிருக்க, கனடாவிலிருந்து ரஸ்ஸல் மெக்காஸ்கில் என்று ஒருவர் தடித்த கோப்போடு வந்து நின்றார். அறுபதைத் தாண்டிய மனிதர். நார்மனுடைய சித்தப்பாவுக்குப் பேரனாம். டீயும் ஓட்ஸ் ரொட்டியும் வைத்தாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு அடிபோடுகிறானோ?

ரஸ்ஸல் மரபணுச் சோதனைக்கான ஒரு சின்னக் குழாயை மேஜைமேல் வைத்தார்.

"இதுல கொஞ்சம் எச்சில் துப்புங்க போதும் அக்கா. நாம சொந்தம்னு ஆறு வாரத்துல தெரிஞ்சிடும்."

அவள் குழாயை அவர் பக்கமே தள்ளிவைத்தாள்.

"டீ குடுத்தவளைத் துப்பச் சொல்றீங்க. நல்ல பழக்கம்!"

அவர் சிரிக்கவில்லை.

"அங்க எங்க பங்காளிங்க அஞ்சு பேர் குடுத்தாங்க. அவங்களுக்குள்ள ஒத்துப்போச்சு, எனக்கு மட்டும் ஒட்டல. எங்கப்பா தாத்தாவுக்குப் பொறந்தவரே இல்லைங்கறாங்க. இந்த மூல வீட்டுல நீங்க ஒருத்திதான் பாக்கி. உங்களோட ஒத்துப்போனா தப்பு அவங்க பக்கம்தான்னு வாயை அடைச்சிடலாம். மாட்டேன்னா சொல்லிடுங்க, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீங்கன்னு எடுத்துக்கறேன்."

நடிக்கிறானோ என்று முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த பயம் அவளுக்குப் பழக்கமானது. துப்பினாலும் ஒட்டாது, துப்பாவிட்டாலும் இந்த மனிதன் அப்பனை இழந்துவிட்டுத்தான் கப்பலேறுவான். பாழாய்ப்போன குழாய்!

"என் எச்சில் உனக்கு உதவாது தம்பி. நான் இந்த வீட்டுல பொறக்கல. கிளாஸ்கோ அநாதை. இந்தா, இதையும் உன் கோப்புல எழுதிக்கோ."

ரஸ்ஸல் பேனாவை எடுக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு, தீவுக்காரர்கள் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"அப்போ நீங்க யாரோட பொண்ணு?"

வேவு பார்க்கிற கேள்வியோ என்று ஒரு கணம் தயங்கினாள். ஆனால் அதற்கு அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.

"நார்மனோட பொண்ணு. நார்மன் ஆங்கஸோட பிள்ளை. ஆங்கஸ் ரோரியோட பிள்ளை…"

ரோரி என்றதும் ரஸ்ஸலின் உதடும் அசைந்தது. அவர் அப்பா சொல்லிக்கொடுத்த வரிசையும் அங்கிருந்து அதேதான். இருவரும் சேர்ந்து மேலே மேலே பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆறாவது பெயரில் அவருக்குத் தடுமாறியது.

"தப்பு," என்றாள் டோலினா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரோரிகிட்ட இருந்து திரும்பச் சொல்லு."