வெட்டினால் கூடும் ரப்பரை விற்ற கதை

தன் சரக்கைத் தானே கத்தியால் அறுத்துக் காட்டி விற்கிற தொழில் என்னுடையது. துணிக்கடைக்காரர்கூட நாம் வாங்கிய பிறகுதான் கிழிப்பார். வெட்டுப்பட்டால் தானே கூடிக்கொள்ளும் ரப்பர் அது. பை தூக்கி ஊர் சுற்றும் சக பாவிகளே, கேளுங்கள். கையில் ஒரே ஒரு சாம்பிள் தகடு. "இந்த மாசம் ஒரு ஆர்டராவது வரலைன்னா வேற வேலை பாத்துக்கோ" என்றுவிட்டார் மேனேஜர். வீட்டில் சொல்லவே பயமாக இருந்தது.

இறால் கை

கத்திவாக்கத்தில் தேசப்பன் என்கிற மீனவர், படகு இன்ஜின் ஓஸ் குழாய்க்கு இது ஆகுமா என்று கேட்டார். ரப்பருக்குள் மூலக்கூறுகள் ஒன்றையொன்று லேசாகக் கைபிடித்திருக்கின்றன, அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர், அறுத்தால் பிடி விடும், சேர்த்து அழுத்தினால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றேன்.

இறால் உரித்துக்கொண்டிருந்த கையாலேயே கத்தியை வாங்கி அறுத்தார். வெட்டுவாயை நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுச் சேர்த்தார். ஒட்டவில்லை. ஈரமும் அழுக்கும் நடுவில் புகுந்தால் கைக்குக் கை எட்டாது என்று விளக்கினேன். "கை கழுவினாத்தான் கை குடுக்குமா? எங்க சம்பந்தி வூட்டு ஆளுங்கோ மாதிரி கீதே நைனா!"

பெல்ட்

எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலை. ஃபோர்மேன் செல்வம் என் டெமோவைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் டீ குடித்துத் திரும்புவதற்குள், நன்றாக இருந்த மெஷின் பெல்ட்டைக் கழற்றி அறுத்து, இரண்டு முனையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் சாம்பிள்.

சாதா ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்துக் கெட்டியாக்குகிறார்கள், அந்தப் பிணைப்பு அறுந்தால் அறுந்ததுதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மெஷின் நின்றது, ஆர்டர் போயே போச்சு. "உங்களுத பக்கத்துல வச்சா, பாத்து கத்துக்கும்னு நென்ச்சேன் சார்."

ஆளுக்குப் பாதி

சாம்பிளில் ஒட்டாமல் கெட்டதைக் கழித்தால் மிச்சம் உள்ளங்கை அகலம்தான். ராயபுரத்தில் படகுச் சாமான் கடை ஒன்று. கூட்டாளிகள் ரஹீம் பாயும், அவர் தங்கை கணவர் காதர் பாயும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே மேஜையின் இரு முனையில் உட்கார்ந்து, என் வழியாகத்தான் பேசினார்கள்.

நான் சாம்பிளை அறுத்ததும் ஆளுக்குப் பாதியை எடுத்து அவரவர் டிராயரில் வைத்துப் பூட்டினார்கள். நாளைக்கு வா, சேர்த்துப் பார்க்கலாம் என்றார் ரஹீம் பாய். நேரம் போகப் போக, வெட்டுவாயில் சும்மா இருக்கும் கைகள் தம் பக்கத்திலேயே யாரையாவது பிடித்துக்கொள்ளும். அப்புறம் எதிர்ப்பக்கத்தைச் சட்டை செய்யாது. "இப்பவே சேர்த்தாகணும் பாய், என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்று கெஞ்சினேன்.

முணுமுணுத்துக்கொண்டே டிராயரைத் திறந்து, பாதிகளை எடுத்துக்கொண்டு எழுந்து, மூக்கோடு மூக்கு முட்ட நின்று, ஆளுக்கொரு பக்கம் அழுத்தினார்கள். எனக்கு வந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. பிறகு ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். ரப்பர் நீண்டது, அறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காதர் பாய் மச்சானைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "ஆர்டர் எழுதிக்கோப்பா. ஆனா அவருக்கு ஒரு பில்லு, எனக்கு ஒரு பில்லு."

வெட்டினால் கூடும் ரப்பரை விற்கப் போய், ஒரே ஆர்டரை இரண்டாக வெட்டிக்கொண்டு வந்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டவன் இந்தத் தொழிலில் நான் ஒருவன்தான்.