ஒரு மூட்டை உதிரிக்காய்

சித்தூர் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக மூன்று வருடம் நடந்ததில் கன்னிகா கற்றுக்கொண்டது ஒன்றுதான். படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது கெட்ட காலை. மாற்றி வைத்தால் முழங்காலுக்குக் கீழே இருக்கும் கம்பியை உள்ளேயிருந்து யாரோ நெம்புவது போல இருக்கும். மற்றபடி அங்கே பேசியதெல்லாம் அவள் தலைக்கு மேலேயே போயிற்று. தெலுங்கு தெரியாதவள் இல்லை. குடிபாலா பக்கத்தில் தமிழ்நாட்டு எல்லைக்கோட்டை ஒட்டிய காலனியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, கூலி கேட்கவும் சண்டை போடவும் போதுமான தெலுங்கு உண்டு. கோர்ட்டுத் தெலுங்கு வேறு.

மாமனாருக்கு அரசாங்கம் கொடுத்த அரை ஏக்கரில் வேர்க்கடலை போடுவார்கள். அது வீட்டுச் செலவுக்கே பற்றாது. புருஷன் வேங்கடாசலம் ரேணிகுண்டாவில் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். கன்னிகா வருடம் முழுக்கக் கூலிக்குப் போவாள். மே மாதக் கடைசியில் மாங்காய் ஆரம்பித்துவிட்டால் இரண்டரை மாதம் தோட்டம் தோட்டமாக அலைச்சல். விடியற்காலை ஐந்தரைக்குக் காலனி முனையில் டெம்போ வந்து ஹாரன் அடிக்கும். மூன்று வீடு தள்ளியிருந்த காஞ்சனாவும் அவளும் பதினோரு வருடம் அந்த டெம்போவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள்.

அன்றைக்குப் புத்தலப்பட்டுக்கு உள்ளே ஒரு தோட்டம். மாலை நாலு மணிக்கெல்லாம் பறிப்பு முடிந்துவிட்டது. மரத்தடியில் காற்றுக்கு விழுந்து கிடந்த காய் எல்லாம் உதிரிக்காய்; மாம்பழக்கூழ் கம்பெனியில் அதை வாங்க மாட்டார்கள். தோட்டக்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்துவிட்டுக் காஞ்சனா அதைப் பொறுக்க ஆரம்பித்தாள். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார்ந்து உப்பு மிளகாய்த்தூள் போட்டுக் கீற்றுக் கீற்றாக விற்கலாம் என்று அவளுக்கு ஒரு யோசனை.

"நீயும் பாதி போடு. ஆளுக்குப் பாதி வச்சிக்கலாம்" என்று கூப்பிட்டாள்.

"எனக்கு வேணாம்டி. இத எவ தூக்கிக்கினு அலையறது?"

"நாளிக்கு வித்துக் காசு எண்ணும்போது பங்குக்கு வந்து நிப்ப, பாரு."

"நிக்க மாட்டேன், போடி."

வாய் இப்படிப் பேசினாலும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கன்னிகா நின்றாள். டெம்போக்காரன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டான். மூட்டை வாயைக் கட்டக் கயிறு இல்லை. காஞ்சனா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பல்லால் கடித்துக் கிழித்து, அதில் கட்டினாள். பிறகு தோட்டத்துக் காயை ஏற்றிக்கொண்டு சித்தூர்க் கம்பெனிக்குப் புறப்பட்ட சீனுவின் குட்டியானை சரக்கு வண்டியை மறித்து, பின்னால் கிரேட்டுகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். சீனு அவர்கள் காலனிப் பையன்தான். வண்டி தவணையில் வாங்கியது.

மெயின் ரோட்டில் ஏறியதும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. தலைத்துணி இல்லாததால் காஞ்சனாவின் மயிர் பறந்து பறந்து கன்னிகாவின் வாய்க்குள் வந்தது. "உன் மயிர நீயே துன்னு" என்று அதைத் தள்ளிவிட்டாள். அதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது. டயர் வெடித்தது. கன்னிகா கண் விழித்தபோது திருப்பதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். காஞ்சனாவைப் புதைத்து மூன்று நாளாகியிருந்தது.

கம்பி வைத்தும் கால் எலும்பு சரியாகக் கூடவில்லை. மறுபடி பிரித்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்துத் தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் குட்டையாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஆபரேஷனுக்கும், அதற்குப் பிறகு ஆறு மாதம் வேலையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் நஷ்டஈடு வந்தால்தான் வழி. அதற்குத்தான் கேஸ். இப்போது அவள் வீட்டிலேயே காலை நீட்டிக்கொண்டு கூலிக்குப் புளி தட்டுகிறாள். கொட்டை வேறு, சதை வேறு. சம்மணமிட்டு உட்கார்ந்து மூன்று வருடமாகிறது.

வக்கீல் ஹரிபாபு நல்ல மாதிரி. பணம் வந்தால் அதில் எடுத்துக்கொள்கிறேன் என்று முன்பணம் வாங்காமல் கேஸை எடுத்தவர். சாட்சி சொல்லும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்.

"பாரும்மா. அது சரக்கு வண்டி. அதுல கூலியாள் ஏறினா இன்சூரன்ஸ்காரன் பைசா தர மாட்டான். சரக்குக்குச் சொந்தக்காரி சரக்கோட போனா தருவான். கிரேட்டெல்லாம் தோட்டக்காரருது, அதுக்கு பில்லு இருக்கு. போலீசு எழுதின லிஸ்ட்ல தனியா ஒரே ஒரு மூட்டை இருக்கு. அது யாருது?"

"காஞ்சனாவுது சார்."

ஹரிபாபு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நான் உன்னோடதுன்னு போட்டிருக்கேன். போன மாசம் நீ கையெழுத்துப் போட்டியே, அந்த வாக்குமூலத்துல."

அவள் நீட்டியிருந்த காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"காஞ்சனாவோட பொண்ணு பவ்யாவும் திருப்பதி வக்கீல் வச்சுக் கேஸ் போட்டிருக்கா. அவங்க பேப்பர்ல மூட்டை மொத்தமும் அவங்கம்மாவுது. ரெண்டு கேஸும் ஒண்ணாத்தான் நடக்குது."

"ஆளுக்குப் பாதின்னு சொல்லிட்டா, சார்?"

"ஒருத்தி முழுசுங்கறா, ஒருத்தி பாதிங்கறா, ரெண்டு பேரும் பொய்யின்னு ரெண்டையும் தள்ளிடுவாங்க. சீனு கோர்ட்டுப் பக்கமே வரல. பின்னால உக்காந்து வந்ததுல உசுரோட இருக்கறது நீ ஒருத்திதான். நீ சொல்றதுதான் சாட்சி. உன்னோடதுன்னு சொன்னா பைசா உனக்கு, அந்தப் பொண்ணுக்கு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை வேங்கடாசலம் வந்திருந்தபோது இதைச் சொன்னாள். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே அவன் சொன்னான்:

"செத்தவ இன்னா, எழுந்து வந்து மூட்டையக் கேக்கப் போறாளா?"

"பொண்ணு கீதே."

"பொண்ணுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான கீது. படிச்சிக்கினு கீது. நாளிக்கு எங்கனா வேலைக்குப் போவும். நீ இன்னா பண்ணுவ?" கொஞ்சம் பொறுத்து, "அவ மூட்டைக்குக் காவல் நின்னுதான உன் காலு போச்சு. பாதி மூட்ட அப்பவே உன்னுதாயிடுச்சு" என்றான்.

அதில் பொய் இல்லை என்றே கன்னிகாவுக்கும் பட்டது. அந்த ஒரு மூட்டை இல்லாமலிருந்தால் நாலு மணி டெம்போவில் ஏறி ஐந்தரைக்கு வீட்டில் இருந்திருப்பாள். மூன்று வருடமாக ராத்திரியில் கால் இழுக்கும்போதெல்லாம் காஞ்சனாவை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டவளே, நீ போய்ச் சேர்ந்துட்ட, என்னை இப்படிக் குந்த வச்சிட்ட. திட்டி முடித்த பிறகுதான் தூக்கம் வரும். 'மூட்டை என்னுது' என்று மட்டும் சொன்னால் போதும். வாய்க்குள் பலதடவை சொல்லிப் பார்த்தாள். முதலில் தடுக்கியது, பிறகு தடுக்கவில்லை.

கோர்ட்டில் அன்றைக்கு அவள் முறை வரப் பன்னிரண்டரை ஆயிற்று. பின்வரிசைப் பெஞ்சில் பவ்யா உட்கார்ந்திருந்தாள். திருப்பதி காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நேராக வந்தவள் போல, முதுகுப்பை மடியில் இருந்தது. இளைத்திருந்தாள். தாடை அப்படியே காஞ்சனாவின் தாடை. கன்னிகா அந்தப் பக்கம் பார்க்காமல் கூண்டில் ஏறினாள். நல்ல காலை முதலில் வைத்து. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றுகொண்டாள்.

இன்சூரன்ஸ் பக்கத்து வக்கீல் நடுவயதுப் பெண்மணி, குரல் உயர்த்தாதவர். தெலுங்கில்தான் கேட்டார். எத்தனை மணிக்கு ஏறினீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், வண்டிக்காரன் உங்களிடம் காசு வாங்கினானா. கன்னிகா ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, மூட்டை யாருடையது என்று கேட்டார்.

"என்னுது" என்றாள் கன்னிகா. சத்தம் சரியாகவே வந்தது. ஹரிபாபு காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் போலீஸ் பட்டியலைக் கையில் எடுத்தார். "மூட்டையின் வாய் ஒரு துணியால் கட்டியிருந்ததாக இதில் இருக்கிறது. சொந்த மூட்டை என்றால் எப்படிக் கட்டினீர்கள் என்று தெரியுமே. என்ன துணி?"

அதுவும் அவளுக்குத் தெரியும். நீலத்தில் வெள்ளைக் கட்டம். பள்ளிக்கூடத் துப்பட்டா. பவ்யா பன்னிரண்டாவது முடித்துவிட்ட பிறகு, வீணாய்க் கிடக்கிறதே என்று காஞ்சனா அதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தாள். நீலம், கட்டம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருந்தால் கேஸ் முடிந்திருக்கும். கன்னிகாவுக்கு ஒரே பையன். அவள் வீட்டில் துப்பட்டா போடுகிற பெண் கிடையாது. ஆனால் அது அந்த வக்கீலுக்குத் தெரியாது, நீதிபதிக்குத் தெரியாது. அந்த அறையில் பின்வரிசையில் இருந்த ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுக்குக் கால் வலித்தது. அந்தத் துணியைக் காஞ்சனா பல்லால் கடித்தது, நூல் உதட்டில் ஒட்டிக்கொண்டதைத் துப்பியது, முகத்தில் அடித்த மயிர், எல்லாம் ஒன்றாக வந்தன. இவ்வளவையும் சொந்தம் கொண்டாட வேண்டும் என்று நினைத்தபோது மலைப்பாக இருந்தது. நல்லது கெட்டது யோசிக்கவெல்லாம் அவளுக்குத் தெம்பு இல்லை.

"நீலக் கட்டம் போட்ட துப்பட்டாம்மா" என்றாள். "பவ்யாவோட பள்ளிக்கூடத் துப்பட்டா. காஞ்சனா தலைல கட்டிக்கினு இருந்தா. அவதான் கிழிச்சுக் கட்டினா. மூட்ட அவளுது. நான் சும்மா கூட நின்னேன்."

நீதிபதி டைப் அடிப்பவரிடம் தெலுங்கில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அது எழுத்தாகிக்கொண்டிருந்தது. ஹரிபாபு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

வெளியே தாழ்வாரத்தில் பவ்யா வந்து பக்கத்தில் நின்றாள்.

"பெரிம்மா, அன்னிக்குக் காலேஜ் சேர்றதுக்கு அந்தத் துப்பட்டாவத் தேடிக்கினே இருந்தேன்" என்றாள் பவ்யா. "வேற நல்லது இல்ல என்கிட்ட. அம்மா வரட்டும், வச்சிக்கறேன்னு திட்டிக்கினே குந்தியிருந்தேன்."

"நானுந்தான் திட்டினேன்" என்றாள் கன்னிகா. "துன்னியா எதுனா?"

தீர்ப்பு வர எட்டு மாதம் ஆயிற்று. பவ்யாவின் கேஸில் இன்சூரன்ஸ்காரர்கள் பணம் கட்ட வேண்டும் என்று வந்தது. கன்னிகா கூலியாளாகத்தான் வண்டியில் ஏறினாள், அதனால் இன்சூரன்ஸுக்குப் பொறுப்பில்லை. நஷ்டஈடு உண்டு, வண்டிக்காரன்தான் தர வேண்டும் என்று அவளுடையதில் வந்தது. சீனுவின் வண்டியைத் தவணைக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த போனே தவணைதான்.

"அப்பீல் போகலாம்" என்றார் ஹரிபாபு. அவருக்கே அதில் நம்பிக்கை இல்லாதது குரலில் தெரிந்தது. "உன் வாயாலேயே சொல்லிட்ட. நான் என்னத்தம்மா வாதாடறது?"

"வேணாம் சார். உங்களுக்குத்தான் வீண் செலவு வச்சிட்டேன்."

"செலவ விடு. கால என்ன பண்ணப் போற?"

தீர்ப்பு நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கெட்ட காலை முதலில் வைத்துப் படியிறங்கினாள். வேங்கடாசலம் அந்த வாரம் வந்தபோது ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுபடி மாங்காய்க் காலம் வந்துவிட்டது. ஐந்தரைக்குக் காலனி முனையில் டெம்போ ஹாரன் அடிக்கிறது. பெண்கள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டே வாசலைக் கடந்து ஓடுகிறார்கள். கன்னிகா அதற்கு முன்பே எழுந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி, புளி தட்ட ஆரம்பித்திருப்பாள். கால் இப்போது விரல்கடை குட்டையாகிவிட்டது. ஒரு செருப்புக்கு மட்டும் அடியில் தோல் வைத்துத் தைத்திருக்கிறாள்.

டெம்போ சத்தம் ரோட்டில் தேய்ந்து போகும்வரை தட்டுகிற கையை நிறுத்தி வைத்திருப்பாள். பிறகு ஒரு கொட்டையை எடுத்துத் தள்ளிப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் இருப்பது போலச் சொல்வாள்:

"பங்கு கேட்டனாடி? கேக்கல பாத்துக்க."